கலையாத வரிசை

2022 ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலே இலங்கைத் தீவில் வாழ்ந்த எவருக்கும் வரிசை என்ற சொல்லைக் கேட்டாலே இன்றும் நெஞ்சு ஒரு கணம் திடுக்கிடும். பெற்றோலுக்கு ஒரு வரிசை, சமையல் எரிவாயுவுக்கு ஒரு வரிசை, மண்ணெண்ணெய்க்கு ஒரு வரிசை, குழந்தையின் பால்மாவுக்கு ஒரு வரிசை என்று இரவையும் பகலையும் வீதியோரத்திலே கழித்த ஜனங்கள், அவ்வரிசைகள் ஒவ்வொன்றாகக் கலைந்தபோது ஆறுதலாக மூச்சு விட்டார்கள். ஆனால் ஒரு வரிசை மாத்திரம் கலையவில்லை. பத்தரமுல்லையிலே குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் வாசலிலும், வவுனியாவிலே அதன் பிராந்திய அலுவலகத்தின் முன்னாலும், கடவுச்சீட்டுக்காகச் சாமம் முழுவதும் காத்துக் கிடந்த இளைஞர்களின் வரிசை, எரிபொருள் நிலையங்கள் பழையபடி இயங்கத் தொடங்கி நெடுநாட் சென்ற பின்னரும் அப்படியே நின்றது. அந்த ஓராண்டிலே மாத்திரம் 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்கென்று பதிவு செய்துகொண்டு தேசத்தை விட்டுப் புறப்பட்டார்கள்.

கணக்கேடுகளைப் புரட்டிப் பார்த்தால் தேசம் மீண்டுவிட்டது என்றே சொல்ல வேண்டும். 2022 ஏப்பிரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்த இயலாது என்று அறிவித்து, அடுத்த மாதமே, உடனடியாகச் செலவிடத்தக்க அந்நியச் செலாவணி 5 கோடி டொலர்கூடக் கையில் இல்லை என்று நிதியமைச்சரே பாராளுமன்றத்தில் எழுந்து சொல்லும் நிலைக்கு இறங்கிய ஓர் அரசு, 2024 ஆம் ஆண்டின் இறுதியிலே 600 கோடி டொலருக்கு மேற்பட்ட கையிருப்போடு நின்றது. 2022 செப்தெம்பரில் 70 வீதத்தை எட்டிய பணவீக்கம் அடங்கிற்று. சர்வதேச நாணய நிதியம் 2023 மார்ச் 20 ஆம் திகதி ஏறக்குறைய 300 கோடி டொலர் கடனுதவிக்கு அங்கீகாரம் அளித்து, அதன் நிபந்தனைகள் ஒவ்வொன்றாக நிறைவேறின. இவற்றை அற்பமான காரியங்கள் என்று நான் தள்ளிவிடவில்லை. மருந்தில்லாத வைத்தியசாலையின் தாழ்வாரத்திலே வயோதிபர் ஒருவரை வைத்துக்கொண்டு வெறுங்கையோடு நின்ற எவனும் அப்படித் தள்ளிவிட மாட்டான். ஆயினும், அதே காலத்தில் நம் பிரஜைகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் வறுமைக்கோட்டுக்குக் கீழே வீழ்ந்து கிடக்கிறார் என்று உலக வங்கி மதிப்பிட்டது. இது 2021 இல் இருந்ததைப்போல் இரு மடங்கு. திறைசேரி மீண்டதும் குடும்பங்கள் மீண்டதும் ஒன்றல்ல என்பதை இந்த இரண்டு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்கள் உணர்வார்கள்.

என்னிடம் கணிதம் படித்த மாணவன் ஒருவன் சென்ற ஆண்டு கட்டாருக்குப் போனான். உயர்தரப் பரீட்சையில் நன்றாகத் தேறியவன். பல்கலைக்கழக அநுமதி சில புள்ளிகளால் தவறியது. தாய் இரண்டு கறவை மாடுகளை வைத்துக்கொண்டு அவனையும் தங்கையையும் வளர்த்தவர். விடைபெற வந்த அன்று, ஊரிலே ஏதாவது செய்து பார்க்கலாமே என்று நான் சொன்னபோது, அவன் மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டு, "என்னத்தைச் செய்யிறது, சேர்?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இக்கட்டுரை அந்தப் பதிலைத் தேடும் பிரயாசையே என்று கொள்ளலாம்.

வேலை என்றவுடன் நமக்கு முதலில் ஞாபகத்துக்கு வருவது உத்தியோகம். கோழி மேய்த்தாலும் கோறணமேந்திலே, அதாவது அரசாங்கத்திலே, மேய்க்க வேண்டும் என்பது யாழ்ப்பாணத்துத் தந்தைமார் மூன்று தலைமுறையாகப் பிள்ளைகளுக்கு ஓதி வந்த மந்திரம். மழையும் சந்தையும் கைவிட்டாலும் மாதச் சம்பளம் கைவிடாது என்ற அநுபவத்தில் அது பிறந்ததாகையால், அந்தத் தந்தைமாரை நான் குறை சொல்லத் துணியேன். ஆனால் அரசாங்கங்கள் இந்த மந்திரத்தைத் தங்களுக்கு வசதியாக எடுத்துக்கொண்டன. 2020 ஆம் ஆண்டிலே பட்டதாரிகள் பல்லாயிரவர் பயிலுநர்களாக அலுவலகங்களில் அமர்த்தப்பட்டார்கள். வறிய குடும்பங்களிலிருந்து 1 இலட்சம் பேருக்கு வேலை என்று வேறொரு திட்டமும் தொடங்கப்பட்டது. அதற்குச் சற்று முன்னரே, 2019 ஆம் ஆண்டின் இறுதியில், பெறுமதிசேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாக வெட்டப்பட்டிருந்தது. வருமானத்தின் மடையை அடைத்துவிட்டுச் செலவின் மடையைத் திறந்த அந்தப் பரிபாலனத்தின் விளைவை நாம் எல்லோரும் அநுபவித்தோம். அன்று குறைத்த வரி 2024 ஜனவரியிலே 18 வீதமாகத் திரும்பி வந்து, கூலிக்காரனின் பையிலிருந்தும் முதலாளியின் பையிலிருந்தும் ஒரே வீதத்தில் எடுத்துக்கொள்கிறது.

என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நலிந்த தேசத்திலே வேலை என்பது மேலிருந்து பங்கிடப்படும் பிரசாதமாக இருக்கும்வரை அது நிலைக்காது. உழைப்பவர்கள் தாங்கள் விளைவிக்கும் பொருளின் விலையிலும், தாங்கள் வாங்கும் கடனின் வட்டியிலும், அப்பொருள் பதப்படும் ஆலையிலும் தங்களுக்கென்று ஓர் உரிமையைப் பெறும்போதுதான் கிராமத்திலே தொழில் வேரூன்றும். அதற்குரிய ஸ்தாபனத்தை நாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. சுண்ணாம்பு உதிர்ந்த சுவரும் துருப்பிடித்த பெயர்ப்பலகையுமாக, நம் ஊர்ச் சந்திகள் தோறும் அது இன்னும் நின்றுகொண்டிருக்கிறது. கூட்டுறவுச் சங்கத்தைத்தான் சொல்கிறேன்.

வடமராட்சியிலே ஒரு பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கத்தின் நிலையத்துக்கு ஒருநாள் காலையிற் போய் நின்றுகொண்டிருந்தேன். பொழுது நன்றாகப் புலருமுன்னரே மரம் ஏறி இறங்கிய சீவற்றொழிலாளர்கள், சைக்கிளின் பின்புறத்திலே கலன்களைக் கட்டிக்கொண்டு ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவருடைய உள்ளங்கையைப் பார்த்தேன்; தளைநாரும் பாளைக்கத்தியும் காய்ப்பேற்றிய அந்தக் கை பனம்பட்டையைப் போலவே சொரசொரப்பாக இருந்தது. நிலையத்தில் இருந்த பெண் கள்ளை அளந்து, வடித்து, பேரேட்டிலே அவருடைய பெயருக்கு நேரே எழுதினாள். அவர் கண்ணாடி இல்லாத கண்களைச் சுருக்கிக்கொண்டு அந்த எழுத்தைக் குனிந்து பார்த்து, சரி என்று தலையசைத்த பின்னரே கலனை எடுத்துக் கவிழ்த்தார். அந்தத் தலையசைப்பை நான் மறக்கவில்லை. அவருடைய தந்தையார் காலத்திலே, தவறணையைக் குத்தகைக்கு எடுத்தவர் சொன்னதே அளவு, அவர் கொடுத்ததே விலை. மரம் ஏறியவன் கேள்வி கேட்கும் வழக்கமே இருக்கவில்லை. எழுபதுகளிலே சீவற்றொழிலாளர்கள் கூட்டுறவுச் சங்கங்களாக அமைந்து, விற்பனையைத் தங்கள் கைக்கு எடுத்துக்கொண்டபோது, சாதியின் பெயராலும் வறுமையின் பெயராலும் இரட்டை நுகம் சுமந்த ஒரு சமூகம் முதன்முறையாகத் தன் உழைப்பின் கணக்கைத் தானே வாசித்தது. விற்ற பணத்தில் ஒரு சிறு பகுதி சேமிப்பாகப் பிடிக்கப்பட்டு, மரத்தால் விழுந்தவனுக்கு வைத்தியச் செலவாகவும் பிள்ளையின் படிப்புக்கு உதவியாகவும் திரும்பி வந்தது. பிரஜை வலுப்பெறுதல் என்று நாம் மேடைகளிலே பேசுவதன் பிரத்தியட்ச உருவத்தை நான் அந்தப் பேரேட்டிலே கண்டேன்.

ஆயினும் பனையின் சம்பத்தில் எவ்வளவு சிறிய பங்கு ஊரிலே தங்குகிறது என்பதையும் நினைக்க வேண்டும். கள் ஒரு நாளைக்கு மேல் நில்லாத பொருள். அன்றைக்கே விற்க வேண்டும், அல்லது போத்தலில் அடைக்க வேண்டும், அல்லது வடிக்க வேண்டும். திக்கத்து வடிசாலையோ நெடுங்காலம் இயங்காமற் கிடந்தது. முட்டியிலே சுண்ணாம்பு பூசி இறக்கினால் கருப்பநீராகிப் பனங்கட்டியாக வேண்டிய சாறு, காய்ச்சுவதற்கு விறகும் ஆளும் வாங்குவதற்கு நிச்சயமான விலையும் இல்லாமையால் இறக்கப்படாமலே போகிறது. பனைக்கென்று 1978 முதல் ஒரு சபையும், கைதடியிலே ஓர் ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. ஆராய்ச்சிக்கும் அடுப்புக்கும் இடையிலே உள்ள தூரத்தைக் கடப்பதற்கு வேண்டிய மூலதனந்தான் ஊருக்கு வந்து சேரவில்லை.

இதே குறையைப் பெண்களின் கையிலே இன்னும் தெளிவாகக் காணலாம். வேப்பமரத்தடியிலே சாக்கை விரித்துக் கால்களை நீட்டி உட்கார்ந்து, ஈரத்துணியில் சுற்றி வைத்த குருத்தோலையை ஒன்றொன்றாக எடுத்து, ஈர்க்கைக் களைந்து, சிறு கத்தியால் ஒரே அகலத்துக்கு வார்ந்து பெட்டி இழைக்கும் ஓர் அம்மாவை எனக்குத் தெரியும். சாயம் அவித்த சிவப்போலையும் பச்சோலையும் அவருடைய விரலிலே பின்னும் வேகத்தைக் கண்ணாற் பின்தொடர முடியாது. பேச்சு ஒருபுறம் நடந்துகொண்டேயிருக்கும், கை ஒருபோதும் பிசகாது. அவர் இழைக்கும் பெட்டி கொழும்பிலே கண்ணாடி அலுமாரிக்குள் இருந்து பன்மடங்கு விலைக்கு விற்கப்படுகிறது. வாங்க வருகிற வியாபாரி இன்ன விலைதான் என்று சொன்னால், அதை மறுத்து நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்லும் வசதி அவருக்கு இல்லை. நாளைக்கு அரிசி வேண்டும். மறுக்கும் வசதி இல்லாதவருக்குத் திறமை எவ்வளவு இருந்தும் விலை பேசும் சுதந்திரம் இல்லை. பத்துப் பெண்கள் சேர்ந்து, ஒரு சங்கத்தின் களஞ்சியத்தில் பெட்டியை வைத்து, அன்றைக்கே பாதிப் பணத்தைப் பெற்றுக்கொண்டு, மீதிக்குக் காத்திருக்கக்கூடிய நிலை வந்துவிட்டால், வியாபாரியின் குரலே மாறிவிடும்.

கடனும் இப்படியே. வேலை செய்யும் வயதுடைய நம் பெண்களில் மூன்றில் ஒரு பங்கினரே பொருளாதார முயற்சிகளில் கணக்கிடப்படுகிறார்கள் என்ற நிலையிலே, போர் விட்டுச்சென்ற விதவைகள் நிறைந்த வடக்கிலும் கிழக்கிலும், சுயதொழில் என்ற நல்ல பெயரோடு நுண்கடன் நிறுவனங்கள் வந்து புகுந்தன. கோழி வளர்க்க வாங்கிய கடனை அடைக்க இரண்டாவது கடன், அதை அடைக்க மூன்றாவது கடன் என்று, வாரந்தோறும் படலையிலே வந்து நிற்கும் வசூலிப்பாளரின் மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கு அஞ்சிப் பின்வளவில் ஒளிந்திருந்த தாய்மார் எத்தனை பேர். வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிலே 1 இலட்சம் ரூபாய்வரை கடன்பட்ட பெண்களுக்கு 2018 இல் அரசே நிவாரணம் அளிக்க வேண்டிய நிர்ப்பந்தம் ஏற்பட்டது. தொழிலைப் பெருக்க வந்த கடன் தொழிலைத் தின்றது. ஊரவர்களின் சொந்தச் சேமிப்பிலிருந்து, ஒருவரையொருவர் அறிந்தவர்களால், நியாயமான வட்டிக்குக் கொடுக்கப்படும் கூட்டுறவுக் கடனோ, மழை பொய்த்த ஆண்டிலே தவணையை ஒத்தி வைக்கும் இரக்கத்தையும், ஏமாற்றுபவனைக் கண்டுகொள்ளும் கண்ணையும் ஒருங்கே உடையது.

பாலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2021 இலும் 2022 இலும் பால்மாப் பொதி ஒன்றுக்காக நாம் அலைந்தது நினைவிருக்கும். நியூசிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் கறந்து உலர்த்திய பாலை டொலர் கொடுத்து வாங்கிப் பழகிய தேசத்துக்கு டொலர் தீர்ந்ததும் தேநீர் கறுத்துப் போயிற்று. அந்த நாட்களிலும் எங்கள் ஊர்ப் பால் சேகரிப்பு நிலையத்துக்குக் காலை ஆறு மணிக்குப் பெண்கள் போத்தல்களோடு வந்துகொண்டுதான் இருந்தார்கள். தவிட்டின் விலையும் புண்ணாக்கின் விலையும் ஏறியமையால் சிலர் மாட்டை விற்றார்கள். விற்காதவர்கள் பற்றாக்குறையோடு தாக்குப்பிடித்தார்கள். பாலைக் குளிரூட்டி வைக்கும் ஒரு தாங்கியும், அதைத் தயிராகவும் நெய்யாகவும் ஆக்கும் ஒரு சிறு ஆலையும், தீவனத்தை மொத்தமாக வாங்கிப் பகிரும் ஓர் ஏற்பாடும் அந்தச் சங்கத்துக்கு இருந்தால், கணக்கு எழுதவும் இயந்திரம் பார்க்கவும் வாகனம் ஓட்டவும் ஊர்ப் பிள்ளைகள் சிலருக்கு அங்கேயே தொழில் உண்டு. என் மாணவனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலின் ஒரு பகுதி இது.

உழைப்பவர்களின் குரல் ஆட்சியின் செவியை எட்டாதபோது என்ன நடக்கும் என்பதற்கு நமக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி ஓரிரவில் தடைசெய்யப்பட்டது. சேதன விவசாயத்தை விரும்புகிறவன் நான். ஆனால் மண்ணைத் தயார்செய்யப் பல ஆண்டுகள் வேண்டும் என்பதை வயலிலே நிற்கும் எந்தக் கமக்காரனைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான். யாரும் கேட்கவில்லை. நவெம்பரிலே தடை நீக்கப்பட்டபோது பெரும்போகம் கெட்டு முடிந்திருந்தது. அடுத்த ஆண்டு ஓகஸ்டிலே ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரேயடியாக உயர்ந்தபோது, அதை நம்பியே படகோட்டும் கரையோரத்துக் குடும்பங்களை யார் கேட்டார்கள்? 2023 இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின் பாரத்தில் ஒரு பங்கு ஊழியர் சேமலாப நிதியின் மீது ஏற்றப்பட்டபோது, அந்த நிதிக்குச் சொந்தக்காரர்களாகிய தையல் ஆலைப் பெண்களையும் தோட்டத் தொழிலாளர்களையும் யார் கேட்டார்கள்? இந்த மூன்று தீர்மானங்களின் நியாய அநியாயங்களைப் பற்றிப் பொருளியலாளர் பலவிதமாக வாதிக்கலாம். பாதிக்கப்பட்டவர்கள் மேசையிலே இருக்கவில்லை என்பதில் வாதத்துக்கு இடமில்லை.

கூட்டுறவு இத்தீவுக்கு அந்நியமான சரக்கல்ல. 1911 ஆம் ஆண்டிலேயே அதற்கென ஒரு கட்டளைச் சட்டம் பிறந்தது. 1957 இல் அமைச்சர் பிலிப் குணவர்த்தனா பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களை நாடு முழுவதும் பரப்பினார். யாழ்ப்பாணத்தில் அது ஓர் இயக்கமாகவே தழைத்தது. மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராயிருந்து, பின் வட்டுக்கோட்டையின் பாராளுமன்ற உறுப்பினராகவும் விளங்கிய வீரசிங்கம் அவர்கள் அதற்காக உழைத்த உழைப்பின் ஞாபகமே இன்று நாம் கூட்டம் கேட்கப்போகும் வீரசிங்கம் மண்டபம். மூளாயிலே ஊரவர்கள் தாங்களே சேர்ந்து ஒரு கூட்டுறவு வைத்தியசாலையை நடத்திக் காட்டினார்கள். வெங்காயத்தையும் மிளகாயையும் புகையிலையையும் லொறியேற்றிக் கொழும்புக்கு அனுப்பிய சங்கங்கள், 1977 க்குப் பின் கட்டவிழ்ந்த இறக்குமதியாலும், பின்னர் மூன்று தசாப்தப் போராலும் இடப்பெயர்வாலும் மெலிந்தன. மெலிந்தும் சாகவில்லை; பொருளாதாரத் தடைக் காலத்திலே அரிசியும் மாவும் மண்ணெண்ணெயும் நமக்கு வந்து சேர்ந்தது அந்தச் சங்கக் கடைகள் மூலமாகவே என்பதை அக்காலத்தில் பங்கீட்டு அட்டையோடு போய் நின்றவர்கள் அறிவார்கள்.

அவற்றின் நோய்களையும் நான் அறிவேன். கட்சிக்காரருக்கு வேலை கொடுக்கும் இடமாக அவற்றை ஆக்கிய அமைச்சர்கள் உண்டு. இருபது ஆண்டுகளாகத் தலைவர் நாற்காலியை விட்டு எழும்பாத பெரியவர்கள் உண்டு. கணக்காய்வு அறிக்கை அலுமாரியிலே கிடக்க, அங்கத்தவர்களுக்கு அது வாசித்துக் காட்டப்படாத பொதுக்கூட்டங்களும் உண்டு. பெட்டி இழைக்கிறவர்கள் எல்லோரும் பெண்களாயிருக்க, நிருவாகக் குழுவிலே இருப்பவர்கள் பெரும்பாலும் ஆண்களாயிருக்கும் சங்கத்தை நான் கண்டிருக்கிறேன். இந்த நோய்களுக்கு மருந்து, சங்கத்தைத் தனியாருக்கு விற்றுவிடுவதன்று. தேர்தலைக் காலந்தவறாமல் நடத்துவதும், இளையவர்களையும் பெண்களையும் உள்ளே கொண்டுவருவதும், கணக்கை ஊர்ச்சந்தியிலே ஒட்டுவதுமேயாகும்.

காங்கேசன்துறையிலும் பரந்தனிலும் மாங்குளத்திலும் கைத்தொழில் வலயங்கள் அமைக்கப்படும் என்று அரசாங்கம் அறிவித்திருக்கிறது. வரட்டும். 1990 இல் நின்றுபோன சீமெந்துத் தொழிற்சாலையின் சங்கொலியைக் கேட்டு நேரம் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தச் செய்தி உள்ளத்தைக் குளிர்விக்காமல் இல்லை. ஆனால் வலயத்துக்கு முதலீட்டாளர் எப்போது வருவார் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய ஆண்டுகளிலே, அதன் செலவில் மிகச் சிறிய ஒரு பங்கைக்கொண்டு, பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவுக்கும் வைத்தியசாலைகளுக்கும் வேண்டிய பாலையும் முட்டையையும் மரக்கறியையும் அவ்வவ்வூர்க் கூட்டுறவுச் சங்கங்களிடமிருந்தே வாங்குவது என்று ஒரு கட்டளை பிறப்பிக்கலாம். அந்தக் கட்டளையை அடகாக வைத்து அச்சங்கங்கள் அரச வங்கியிலே குளிரூட்டிக்கும் வடிகலனுக்கும் கடன் பெற வழிசெய்யலாம். 2023 யூலையில் தொடங்கி, 20 இலட்சம் குடும்பங்களை இலக்காகக் கொண்ட அஸ்வெசும உதவிப்பணம் முதியவர்களுக்கும் நோயாளர்களுக்கும் உயிர்நாடி; அதிலே ஒரு சதமும் குறையக் கூடாது. உடலில் வலுவும் கையில் திறமையும் உள்ளவரை அந்தப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பிரதேச செயலகத்துக்கு நடக்க விட்டு, அதுவே அவருக்குரிய கதி என்று நிறுத்திவிடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வெளிநாடு சென்றவர்கள் 2023 இல் அனுப்பிய பணம் ஏறக்குறைய 600 கோடி டொலர். அந்தப் பணம் தேசத்தைத் தாங்கிற்று என்பது மெய். ஒவ்வொரு டொலருக்கும் பின்னால் ஒரு வெறுமையான திண்ணையும், தொலைபேசியிலே வளரும் ஒரு குழந்தையும் உண்டு என்பதும் மெய். அப்பணத்திலிருந்து வீட்டுக்கு ஓடு மாற்றுகிறார்கள், தங்கைக்குக் கலியாணம் செய்கிறார்கள். ஊரின் சங்கத்திலே பங்காக வைப்பதற்கு நம்பிக்கையான ஓர் இடத்தை நாம் அவர்களுக்குக் காட்டவில்லை.

என் மாணவனின் தாயாரை இப்போதும் காலையிலே பால் நிலையத்தின் வழியிலே காண்கிறேன். முன்பு இரண்டு போத்தல் கட்டிய சைக்கிளிலே அவர் இப்போது தகரக் கலன் ஒன்றைக் கட்டியிருக்கிறார். மகன் அனுப்பிய பணத்தில் மூன்றாவது மாடு ஒன்று வாங்கியதாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை அவனுக்கு விடுமுறையாம். அன்றைக்கு வீடியோவிலே வரும்போது சாப்பிட்டாயா அம்மா என்று கேட்டுவிட்டு, அடுத்ததாக, பால் லீற்றருக்கு இப்ப என்ன விலை கொடுக்கிறாங்கள் என்றுதான் கேட்பானாம். அவர் விலையைச் சொன்னால் சிறிது நேரம் ஒன்றும் பேசாமல், மனத்துக்குள் எதையோ பெருக்கிக் கழித்துக்கொண்டிருப்பான் என்றும் சொன்னார்.